நாக்குக்கு அடியில்

ஓடைக்கரைப்பட்டி ஆஸ்பத்திரியில் காய்ச்சல் மருந்தான கொயினா கொடுப்பதற்கு டாக்டர் தங்கபாண்டி ஒரு முறை வகுத்து வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் கம்பவுண்டர் பிச்சைமணியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். மாத்திரையைத் தம் கையாலேயே எடுத்து அவரவர் உள்ளங்கையில் வைப்பார். அவர் பார்க்க வாயில் போட்டுக்கொண்டு, செம்புத் தண்ணீரில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, வாயை அகலத் திறந்து காட்ட வேண்டும். வாய் காலியாக இருந்தால் பிச்சைமணி அந்தப் பேருக்கு நேரே ஒரு கோடு போடுவார். அடுத்த வீடு.

முல்லையாற்று வாய்க்கால் ஓரத்தில் மலேரியா என்னும் முறைக்காய்ச்சல் இல்லாத வீடு கிடையாது. கரை போடுவதற்கு மண் எடுத்த குழிகள் வாய்க்கால் நெடுகிலும் அப்படியே கிடந்தன. வருஷம் முழுவதும் அவற்றில் தண்ணீர் நின்றது, தண்ணீரில் கொசு நின்றது. இவருக்கு முன் இருந்த டாக்டர் கொயினாவைத் திணிக்கப் பார்த்து, ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்ள, கடைசியில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். தங்கபாண்டி உள்ளூர்க்காரர். அவர் வந்தபின் ஒரு கதவும் சாத்தவில்லை. அதை அவர் சென்னைக்கு அறிக்கையாக எழுதினார். வாய்க்கால் ஓரத்து ஊர்களில் கொயினாவை மறுத்த வீடு ஒன்றுகூட இல்லை என்று எழுதினார்.

அறிக்கையில் பொய் கிடையாது. யாரும் மறுக்கவில்லை. விழுங்கவும் இல்லை.

மாத்திரையை நாக்குக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் ஒதுக்கிக்கொள்வது, நாக்கைத் தட்டையாகப் படுக்கவைத்து அதன் மேலேயே தண்ணீரை விழுங்குவது, வாயைத் தைரியமாகத் திறந்து காட்டுவது, டாக்டர் முதுகு காட்டியதும் குப்பைமேட்டில் துப்புவது. ஊருக்கே தெரிந்த சூட்சுமம் இது. தங்கபாண்டிக்கும் தெரியும். உத்தமபாளையத்தில் படித்த காலத்தில், மழைக்காலத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் கொயினா கொடுப்பார்கள். வகுப்பிலேயே இதில் தேர்ந்தவர் அவர்தான். ஆகவே சனிக்கிழமைகளில் சில வாய்களில் நாக்கு வேண்டாத அளவுக்குப் பணிவாகப் படுத்திருப்பதைப் பார்க்கும்போது அவருக்கு விஷயம் விளங்கும். நாக்கைத் தூக்கச் சொன்னால் அடுத்த வாரம் கதவு சாத்தியிருக்கும். முதலில் கதவு திறந்திருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். பிறகு அறிக்கை எழுதும் நாள் வந்தது.

அறிக்கை நடந்து நடந்து கடல் தாண்டிவிட்டது. காய்ச்சல் ஒழிப்பு பற்றிப் படிக்கிற டாக்டர்களுக்கு உதவிச்சம்பளம் கொடுக்கிற சீமைச் சங்கம் ஒன்று, லண்டன், ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க், ரோம் ஆகிய நகரங்களில் தங்கிப் படித்து வருமாறு அவரை அழைத்தது. அது 1931ஆம் வருஷம். போகிற இடங்களில் தம்முடைய முறையைப் பற்றி அவர் ஒரு சொற்பொழிவும் செய்ய வேண்டும்.

புறப்படும் அன்று காலையில் தாயார் கருத்தம்மாள் மஞ்சள் கயிற்றோடு வந்தாள்.

"ஏய்யா, கையை நீட்டு."

"ஆத்தா, காப்புக் கட்டினா ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதுல்ல? நான் கடலையே தாண்டப் போறேன்."

"இது திருவிழாக் காப்பு இல்ல. நேர்ச்சைக் கயிறு. நீ நல்லபடியா வந்து, வர்ற சித்திரையில வீரபாண்டிக் கோயில்ல தீச்சட்டி எடுக்கிற வரைக்கும் கையில கெடக்கட்டும். பூசாரிகிட்டக் கேட்டுட்டேன். கட்டலாம்னு சொன்னாக."

அவர் கையை நீட்டினார். அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"கயிறு கையில கெடக்கையில காய்ச்ச மருந்து திங்கப்படாது. காய்ச்ச கௌமாரி குடுக்கிறது. அவளே எடுத்துக்கிடுவா."

"ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கிறவன்கிட்டயே சொல்ற."

"ஊருக்குக் குடு. நான் வேணாம்னா சொன்னேன்? உங்கண்ணனுக்குக் கயிறு கையில கெடக்கையிலதான் அந்த வெள்ளைத் தண்ணி மருந்த ஊத்துனாக. மறுநா அவன் கண்ணு முழிக்கல."

"சரி ஆத்தா. திங்கல."

"கௌமாரி மேல சொல்லு."

சொன்னார். சீமையில் ஏது முறைக்காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டே சொன்னார்.

தேனி ரயில் நிலையத்தில் மாலை மேல் மாலையாக விழுந்தது. அவருடைய அத்தை ராக்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். அப்பாவின் உடன்பிறந்தவள், பேச அஞ்சாதவள்.

"மருமகனே, சீமையில கசக்காத கொயினா இருந்தா வாங்கியாங்க. இங்கன இருக்கிறத நாய்கூட மோந்து பாக்க மாட்டேங்குது."

"நாய் எப்படி அத்தை மோந்து பாக்கும்? நீங்கதான் முழுங்கிட்டீகளே."

"ஆமாமா. முழுங்கிட்டேன், முழுங்கிட்டேன்" என்று அவள் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். தங்கபாண்டியும் சிரித்தார். ரயில் நகர்ந்தது.

கொழும்பில் கப்பல் ஏறும் இடத்தில் மாத்தன் சேர்ந்துகொண்டார். பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்க்கும் மலையாளி டாக்டர், அதே சங்கத்தின் உதவிச்சம்பளத்தில் வருகிறவர். குமுளிச் சந்தையில் பழகிய தமிழ் அவரிடம் இருந்தது.

லண்டனில் முதல் சொற்பொழிவு. மாஜிக் லாந்தரில் காட்டுவதற்காக மதுரைப் போட்டோக்காரரை வரவழைத்து எடுத்த கண்ணாடிப் படங்களைத் தங்கபாண்டி கொண்டுபோயிருந்தார். வாய்க்கால், குழிகள், ஆஸ்பத்திரி, வீட்டு வாசல். கடைசிப் படம் ராக்கம்மாள். கையில் செம்போடு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வாயை அகலத் திறந்துகொண்டு நிற்பாள். அந்தப் படம் திரையில் விழுந்ததும் மண்டபமே சிரித்தது. "மறுத்த வீடு ஒன்றுகூட இல்லை" என்று அவர் முடித்ததும் அதே மண்டபம் கை தட்டியது. நரைத்த தலைகள் வரிசையில் வந்து கை குலுக்கின. அன்று அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரமாக எழுதினார். அத்தையின் படத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

"அந்த அம்மச்சி யாராணு சாரே?" என்று மாத்தன் கேட்டார்.

"எங்க அத்தை."

"கொள்ளாம், நல்லாருக்கு. பல்லு ஒண்ணும் போகலையே. லண்டன்காரன் எல்லாம் பொறாமைப்பட்டான்."

ஆம்ஸ்டர்டாமில் திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர். தெருவுக்குப் பதில் வாய்க்கால், வாசலுக்குப் பதில் படகுத்துறை. ஜாவாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் கொயினாப் பட்டையை அங்கே மலையாகக் குவித்திருந்தார்கள். கிடங்கு வாசலில் நிற்கும்போதே தொண்டை கசந்தது. படம் காட்டி முடித்ததும் ஒரு நீர்ப்பாசன எஞ்சினீயர் எழுந்து, ராக்கம்மாளை விட்டுவிட்டு, முன்னால் காட்டிய குழிகளின் படத்தை மறுபடி காட்டச் சொன்னார்.

"இந்தக் குழிகளை ஏன் இன்னும் மூடவில்லை?"

"கொயினாவைக் கொண்டே சமாளித்துவிட்டோம்" என்றார் தங்கபாண்டி.

"ஆச்சரியம்தான். எங்களுக்குத் தண்ணீரோடு சண்டை போட்டுத்தான் பழக்கம்" என்று சொல்லிவிட்டு எஞ்சினீயர் உட்கார்ந்தார். அவர் பாராட்டினாரா இல்லையா என்பது ரயிலில் போகும்போதும் தங்கபாண்டிக்கு விளங்கவில்லை.

ஹாம்பர்க்கில் திரை பெரியது. ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு இருந்தது. ராக்கம்மாளின் வாய் அதில் ஒரு குகையைப் போலத் திறந்தது. அதைத் தடியால் சுட்டிக்காட்டி, "பாருங்கள், வாய் காலி" என்று சொல்லிக்கொண்டே திரும்பிய தங்கபாண்டி அப்போதுதான் அதைப் பார்த்தார். படுத்திருந்த நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு விளிம்பு. நகக்கீற்று அளவுதான். திரையில் அது தேங்காய்ச் சில்லுப் போலத் தெரிந்தது. தடியைச் சட்டென்று இறக்கினார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். வழக்கம் போலச் சிரித்தார்கள், வழக்கம் போலக் கை தட்டினார்கள். அத்தனை கண்ணாடிக்காரர்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. பட்டிருந்தால்கூடத் தேவலை என்று அறைக்கு வந்த பிறகு தோன்றியது.

அறையில் சென்னைக் கடிதம் காத்திருந்தது. மேலதிகாரி எழுதியிருந்தார். ஐரோப்பாவில் அவர் பெறும் புகழ் இலாகாவுக்கே பெருமை. அவருடைய முறையே போதும் என்று தெளிவாகிவிட்டபடியால், வாய்க்கால் ஓரத்துக் குழிகளை மூடும் யோசனையை அரசாங்கம் கைவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் இனி அவருடைய முறைதான்.

தங்கபாண்டி அதை இரண்டாம் முறை படித்தார். தாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் குழிகள் என்றைக்கும் அப்படியேதான் கிடக்கும். கூடலூரிலிருந்து தேனி வரை பிள்ளைகள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே இருப்பார்கள், பேருக்கு நேரே கோடு விழுந்துகொண்டே இருக்கும். அன்றைக்கே உண்மையை எழுதியிருக்கலாம். பேனாவை எடுத்து, தேதியையும் ஊர்ப்பெயரையும் எழுதினார். அடுத்த வரி வரவில்லை. ரோமுக்குப் போனதும் எழுதலாம் என்று காகிதத்தை மடித்து வைத்தார்.

ரோமில் சொற்பொழிவு குறைவு, களப்பணி அதிகம். நகரத்துக்குத் தெற்கே கடலோரமாக ஒரு சதுப்புச் சமவெளி. மலையூர்களிலிருந்து கூலிவேலைக்கு இறங்கி வந்தவர்கள் அங்கே கோரைக் குடிசைகளில் இருந்தார்கள். குடிசைகளுக்கு நடுவில் ஒரு காய்ச்சல் நிலையம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கொயினாவைச் சாக்லேட்டில் பொதிந்து கொடுத்தார்கள். ராக்கம்மாள் கேட்ட கசக்காத கொயினா அதுதான். பெரியவர்களுக்கு மாத்திரை.

"எங்கள் ஜனங்கள் லேசில் மருந்து தின்ன மாட்டார்கள், டாக்டர்" என்றார் நிலையத்துத் தலைமை டாக்டர். "உங்கள் ஊரில் மறுப்பே கிடையாதாமே. எங்களுக்குச் செய்து காட்டுங்களேன்."

எல்லோரும் ஒரு குடிசை வாசலுக்குப் போனார்கள். நூன்சியா என்ற பெண் வெளியே வந்தாள். தலையில் முக்காடு, வெயிலில் வெந்த கழுத்து, இடுப்பில் கை. முக்காடு ஒன்றைத் தவிர ராக்கம்மாளுக்கும் அவளுக்கும் அதிக வித்தியாசமில்லை. மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டாள், தண்ணீர் குடித்தாள், வாயைத் திறந்தாள்.

"சரியாகத்தானே இருக்கிறது" என்றார் தலைமை டாக்டர்.

தங்கபாண்டி குனிந்து பார்த்தார். நாக்கு தட்டையாக, வெகு பணிவாகப் படுத்திருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை தூரம் வந்து, பாஷை தெரியாத இடத்தில், தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பார்த்த சந்தோஷம் அது. அந்தச் சந்தோஷத்தில் கையால் ஜாடை காட்டினார்.

"நாக்கைத் தூக்கச் சொல்லுங்கள்."

நர்ஸ் மொழிபெயர்த்துச் சொன்னாள். நூன்சியா அசையவில்லை. அக்கம்பக்கத்துக் குடிசைகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். நர்ஸ் மறுபடி சொன்னாள். நூன்சியா நாக்கைத் தூக்கினாள். மாத்திரை நனைந்து வெளுத்துக் கிடந்தது.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். தலைமை டாக்டர் தங்கபாண்டியின் முதுகில் தட்டினார். நூன்சியா மாத்திரையை விரலால் வெளியே எடுத்து, அதையும் தங்கபாண்டியையும் பார்த்தாள். பிறகு திரும்பவும் வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமல், பல்லால் நொறுக்கி விழுங்கினாள். கண்ணைக்கூட மூடவில்லை. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

"எங்ஙனெ அறிஞ்ஞு சாரே?" என்று திரும்பி வரும்போது மாத்தன் கேட்டார். "பக்கத்துல நின்ன எனக்கே ஒண்ணும் தெரியல."

"பழக்கம்" என்றார் தங்கபாண்டி. சிரித்தவர்கள் எல்லோரும் நூன்சியாவின் அண்டை வீட்டுக்காரர்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்கும் அவள் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

அதே வாரத்தில் ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அவருக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. கையிலிருந்த கரண்டி தட்டில் தாளம் போட்டது. என்ன வருகிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். வாய்க்கால் ஓரத்துக் காய்ச்சல் உடம்புக்குள்ளேயே ஒளிந்து அவரோடு கப்பலேறி வந்திருந்தது. நிலையத்திலேயே கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள்.

நர்ஸ் மாத்திரையோடு வந்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். ஆத்தாவிடம் சொன்ன சொல் முதலில் நினைவுக்கு வந்ததா, நாக்கு முதலில் நகர்ந்ததா என்று சொல்ல முடியாது. தண்ணீரைக் குடித்து, வாயைத் திறந்து காட்டினார். ஒரு டாக்டரின் வாயைப் பார்ப்பதற்கு உரிய மரியாதையோடு நர்ஸ் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து துப்பினார்.

திரும்பினால் வாசலில் நூன்சியா நிற்கிறாள். நிலையத்துத் துணிகளைத் துவைத்துக் கொடுப்பது அவள்தான் போலிருக்கிறது. கையில் படுக்கை விரிப்புகள் அடுக்கடுக்காக இருந்தன.

அவள் விரிப்புகளை நாற்காலியில் வைத்தாள். கட்டிலுக்குக் கிட்டே வந்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. சுத்தமான சிவப்பு. காட்டிவிட்டு, தோளைக் குலுக்கிச் சத்தமில்லாமல் சிரித்தாள். தங்கபாண்டி போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். இப்போது போய் எல்லோரிடமும் சொல்வாள், சொல்லட்டும், அதுதான் நியாயம் என்று காத்திருந்தார்.

அவள் சொல்லவில்லை. மறுநாள் ரொட்டியும் ஒரு வெங்காயமும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். நர்ஸ் வருகிற சத்தம் கேட்டபோது வாசலில் நின்று இருமினாள். எச்சரிக்கைதான். அதற்கடுத்த நாளும் இருமினாள். தன் கூட்டத்து ஆள் ஒருவன் டாக்டர் வேஷத்தில் வந்திருக்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஒவ்வொரு இருமலுக்கும் அவர் கூனிக் குறுகினார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் துப்பினார்.

காய்ச்சல் முற்றி நினைவு தப்பிய நாளில் ஊசி போட்டுவிட்டார்கள். அதை மாத்தன்தான் பிறகு சொன்னார்.

"எத்தனை மாத்திரை தின்னும் கேக்கல. அதுதான் கையில குத்தினாங்க. அந்த நர்ஸு மஞ்சக் கயிறை அழுக்குன்னு வெட்டப் போனா. நான்தான் விடல. அது நேர்ச்சையாணு, தொடாதேன்னு சொன்னேன். சரிதானே சாரே?"

"சரிதான்" என்றார் தங்கபாண்டி. தின்னக் கூடாது என்றுதானே ஆத்தா சொன்னாள், குத்தக் கூடாது என்று சொல்லவில்லையே என்று மனசு தானாக ஒரு வாதம் கட்டியது. அந்த வாதத்தைக் கேட்டு அவருக்கே கூச்சமாக இருந்தது.

புறப்படுகிற அன்று நூன்சியா கல்தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் போய் நின்று கை கூப்பினார். எதற்காகக் கூப்புகிறார் என்று சொல்ல அவரிடம் பாஷை இல்லை. அவள் ஈரக் கையை ஆட்டி விடைகொடுத்துவிட்டு, நாக்கை ஒரு தரம் தூக்கிக் காட்டிவிட்டு, வேலையைப் பார்த்தாள்.

தை மாதத்தில் ஊர் வந்து சேர்ந்தார். ஆத்தா அவரை வாசலில் நிறுத்தி, முதலில் கையைத்தான் பார்த்தாள். கயிறு கறுத்து நைந்திருந்தது, அறவில்லை.

"எளச்சிட்டியே. காய்ச்ச கண்டுச்சா?"

"கண்டுச்சு. போயிருச்சு."

"மருந்து திண்டியா?"

"வாயால ஒண்ணும் திங்கல ஆத்தா."

அவள் கயிற்றை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள். "சரி, உள்ள வா" என்றாள்.

அடுத்த வாரமே சென்னை மேலதிகாரி காரில் வந்து இறங்கினார். தங்கபாண்டி முறையைப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் தொடங்கிவைக்க ஆஸ்பத்திரி முற்றத்தில் பந்தல் போட்டு ஊரைத் திரட்டியிருந்தார்கள். கருத்தம்மாளும் ஒரு பந்தல்கால் ஓரத்தில் நின்றாள். வரிசையின் முதல் ஆளாக ராக்கம்மாளை நிறுத்தியிருந்தார்கள்.

"கசக்காத கொயினா எங்க மருமகனே?"

"அங்கன பிள்ளைகளுக்கு மட்டுந்தான் அத்தை."

"அங்கன ஒரு நியாயம், இங்கன ஒரு நியாயமா? நல்லாருக்கு."

அதிகாரி அவளை உற்றுப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "இந்த அம்மாள்தானே படத்தில் இருப்பது? லண்டனிலும் ஹாம்பர்க்கிலும் பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் உங்கள் வாயைத்தான் திரையில் பார்த்தார்களாம் அம்மா."

ராக்கம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. "என் வாயவா?" என்றாள். அதிகாரியைக் கேட்கவில்லை. தங்கபாண்டியைக் கேட்டாள்.

அவர் பாட்டிலைத் திறந்தார். மாத்திரையை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்தாள். படத்தில் இருந்ததைவிட அகலமாகத் திறந்தாள்.

"பேஷ்" என்றார் அதிகாரி. "இவ்வளவு சுலபம். இதற்குப் போய்க் குழியை மூடு, குளத்தை மூடு என்று எத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருந்தோம்."

நாக்கு தட்டையாகப் படுத்திருந்தது. தூக்குங்கள் அத்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதிகாரி தம் கண்ணாலேயே பார்த்துவிடுவார், குழிகளின் கதையும் திரும்ப வந்துவிடும். சொல்ல வாயெடுத்தார். ஊர் முழுவதும் நிற்பதைப் பார்த்தார். நூன்சியாவின் தொண்டை ஏறி இறங்கியது நினைவுக்கு வந்தது.

பாட்டிலைச் சரித்து ஒரு மாத்திரையை எடுத்து, தம் வாயிலேயே போட்டுக்கொண்டார். செம்பை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். அதிகாரிக்கு நேரே திரும்பி வாயைத் திறந்தார்.

"என்ன டாக்டர் இது? நீங்களுமா? காலியாகத்தான் இருக்கிறது" என்று அதிகாரி சிரித்தார்.

தங்கபாண்டி நாக்கைத் தூக்கினார்.

அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மாத்திரை கரைந்து கசப்பு தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கபாண்டி அதை அப்படியே விழுங்கினார். ஆத்தா நின்ற பந்தல்கால் பக்கம் பார்க்காமல் விழுங்கினார். பிறகு இங்கிலீஷில், நின்று நின்று சொன்னார். இந்த ஊர்களில் யாரும் கொயினாவை விழுங்கியதில்லை. அது தமக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். அறிக்கையை வைத்துக் குழிகளை விட்டுவிடக் கூடாது.

"பிரயாணக் களைப்பு. நீங்கள் இரண்டு நாள் படுத்து ஓய்வெடுங்கள்" என்றார் அதிகாரி. குரலில் முன்பிருந்த இனிப்பு இல்லை. தமக்குப் போட்ட மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "குழிகளைப் போகிற வழியில் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்றுதான் சொல்கிறேன்."

அவருக்கு இங்கிலீஷில் சொன்னது ஊருக்கு விளங்கவில்லை. தூக்கிய நாக்கு எல்லோருக்கும் விளங்கியது.

"படிச்ச பிள்ளைன்னு மாலை போட்டு அனுப்பிச்சமே" என்றாள் ராக்கம்மாள். "என் வாயச் சீமை பூரா காட்டிட்டு வந்தாக. இப்ப ஊரு வாயவே காட்டிக் குடுத்திட்டாக." அவள் தன் வாய்க்குள் விரலை விட்டு மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாங்க டாக்டரய்யா. இனி எதுக்கு இதை ஒளிச்சு வச்சுக்கிட்டு."

அவள் அவரை டாக்டரய்யா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வரிசை கலைந்தது. வாய்க்கால் கரையில் கார் நிற்பதும், அதிகாரி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு இறங்குவதும் முற்றத்திலிருந்தே தெரிந்தன.

வீட்டில் ஆத்தா சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை காத்திருந்து கேட்டாள்.

"வாயால திங்கலன்னு சொன்னியே, வேற எதால?"

அவர் சட்டைக் கையை மேலே சுருட்டி ஊசி குத்திய இடத்தைக் காட்டினார். இன்னும் கல் போல் கட்டியிருந்தது. அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நீ வாயாலன்னு இழுக்கையிலேயே நினைச்சேன். கயிற நான் அவுக்க மாட்டேன். சித்திரையில சட்டிய எடுத்துக்கிட்டுப் போயி, அங்கன திண்டதையும் இங்கன திண்டதையும் நீயே அவகிட்ட சொல்லிட்டு அவுத்துக்க. எனக்காக ஒண்ணும் சொல்ல வேணாம்."

"ஆத்தா."

"எலைய எடுத்துப் போடு."

சனிக்கிழமை வந்தது. பிச்சைமணி வருவதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கோடு போடும் நோட்டு இல்லாமல் வந்தார். தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. ராக்கம்மாள் வீட்டுக் கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது. அவள் நிலைப்படியிலேயே நின்றாள்.

"வாங்க டாக்டரய்யா. இன்னைக்கு நாக்கத் தூக்கிக் காட்டணுமா, எறக்கிக் காட்டணுமா?"

"ஒண்ணும் காட்ட வேணாம் அத்தை."

மாத்திரையை நீட்டினார். அவள் வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"காட்ட வேணாம்னா, அப்ப எதுக்கு இன்னும் நிக்கிறீக?"

தங்கபாண்டி தலையைக் குனிந்துகொண்டு, மாத்திரை பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்தபடி, அந்த வாசலிலேயே நின்றார்.